காலடிப்பேட்டை சலூனில் முப்படைப் பயிற்சி

முடி வெட்டுகிறவனுக்குக் கை ஓய்ந்தாலும் காது ஓயாது. வீட்டில் ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் இருந்தால், நான் படும் பாடு உங்களுக்கும் புரியும். என் சலூனுக்கு அப்படி மூன்று பேர் வருகிறார்கள். யார் எடுத்த ட்ரெயினிங் கஷ்டம் என்ற பேச்சிலேயே, போன மாதம் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மண்

காசிம் பாய் தரைப்படை. முட்டியால் ஊர்ந்தே பயிற்சியை முடித்து முதல் லீவில் வந்தபோது அவர் தலையை நான்தான் அலசினேன். வந்த மண்ணைத் தொட்டியில் கொட்டிக் கொத்தமல்லி விதைத்தேன். இரண்டு கட்டு கிடைத்தது. நம்பாதவர்கள் என் சம்சாரத்தைக் கேளுங்கள், ரசம் வைத்தவள் அவள்தான். பாய் இதை மறுக்க மாட்டார், திருத்துவார்: "மூணு கட்டு மாமு. ஆர்மி மண்ணாச்சே."

தண்ணி

சேவியர் ராயபுரத்துக்காரர், கடற்படை. மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நீச்சலா சொல்லித்தரப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே போனவரை, உயரத்துப் பலகையிலிருந்து யூனிபார்மோடு குதிக்கச் சொன்னார்களாம். அப்புறம் கப்பல். லீவில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், இன்னும் அலைமேல் இருப்பதுபோலவே ஆடினார். நானும் கூடவே ஆடி ஆடி வெட்டினேன். முடிப்பதற்குள் எனக்கு வாந்தி வந்துவிட்டது. சேவியர் என் முதுகைத் தடவிச் சொன்னார்: "மொத நாள் அப்டித்தான் நைனா. எலுமிச்சம்பயம் மோந்துக்கோ."

பாடம்

பெருமாள் விமானப்படை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பயிற்சி எடுத்தவர் என்று மற்ற இருவரும் அவரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர் பொறுமைசாலி. விடிந்தால் ஓட்டம், அப்புறம் இன்ஜின் பாடம், தவறாமல் பரீட்சை, தோற்றால் பெட்டி கட்டவேண்டியதுதான் என்று விளக்குவார். கடைசியில் ஒன்று சொல்வார்: "நீங்கோ ஓடினீங்கோ. நான் ஓடிக்கினே படிச்சேன்."

கத்தி

குளத்தில் குளிப்பதெல்லாம் ஒரு ட்ரெயினிங்கா என்று பாய் கேட்டதில்தான் சேவியர் எழுந்து போனார். பாய் உள்ளே இருந்தால் வாசலோடு திரும்பிவிடுவார். ஒரு மாதம் இப்படியே போனது, அடுத்த வாரம் ரம்ஜான். பாய் வீட்டுப் பிரியாணியைத் தூக்குச்சட்டிகளில் எங்கள் வீடுகளுக்குக் கொண்டுவருவது எப்போதும் சேவியர்தான். நான் சும்மா இருக்க முடியுமா?

இருவருக்கும் ஒரே நேரம் சொல்லி வரவழைத்தேன். பெருமாள் கதவை மறித்து நின்றார். என் கதை கேட்டுச் சிரிக்காமல் ஷேவிங்கை முடிப்பவர் படையே உசத்தி என்றேன். மானப் பிரச்சினை, இருவரும் உட்கார்ந்தார்கள், நுரை பூசினேன்.

பாய் கழுத்தில் கத்தியை வைத்து, நான் பட்டாளத்துக்குப் போன கதையை எடுத்தேன். மார்பளவுக்கு மூச்சை இழுத்தேனா, டேப் அறுந்தது. ஆபீசர் மேஜையிலிருந்த காகிதமெல்லாம் பறந்து வந்து என் மூக்கில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வேலை இல்லை என்று எழுதிய காகிதமும் அதில் ஒன்று.

முதலில் சேவியர் வெடித்தார். அதே மூச்சில் பாய். நான் கத்தியை விலக்கியிராவிட்டால் ஒரு கழுத்து போயிருக்கும். கண்ணாடி முழுக்க நுரை. ஒரு மாதமாகப் பாயோடு பேசாத சேவியர் வாய் திறந்தார், சிரிப்பை அடக்க ஆர்மியில் சொல்லித்தரவில்லையா என்று. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கய்த்துல கத்தி, காதுல இந்தாளு கத. இத்த தாங்கற ட்ரெயினிங் எந்தப் படைலயும் இல்ல தோஸ்து."

ஆகவே எந்தப் பயிற்சி கஷ்டம் என்பது இன்னும் தீரவில்லை. ரம்ஜானன்று பிரியாணித் தூக்குச்சட்டி மட்டும் சேவியர் கையில் சூடு ஆறாமல் வந்து சேர்ந்தது.