சிரித்தது என் வாய்

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வலது கடைவாய் வழியாக அது சட்டையில் வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை. "என்னங்க, பச்சப்புள்ள மாதிரி ஒழுக விடுறீங்க?" என்று என் மனைவி செல்வி கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குழறல்தான் வந்தது. குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்து உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). கூடவே பேச்சிழப்பு (அடுத்தவர் பேசுவது புரியும், நினைப்பது சொல்லாக வராது). இதே வியாதியில் கிடப்பவர்களுக்கும், அவர்களுக்குச் சோறூட்டுகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொழுதுபோக்குக்கு வாங்கிய நகைச்சுவைக் கதைத் தொகுப்பு ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு கனவான், அவருக்கு ஒரு பணியாள். கனவானுக்குத் தன் வேட்டியைக்கூடக் கட்டத் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் அது நழுவும்போது, பணியாள் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்து மானத்தைக் காப்பாற்றுவான். எல்லாக் கதையும் இந்த ரகம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் செல்வி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அதைப் பார்த்து அவள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக யார் வந்தாலும் மெயின் ஸ்விட்ச் கதைதான். "பாருங்க, நல்லா தேறிட்டு வராரு" என்பாள். நானும் சிரிப்பேன்.

உண்மையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே வேட்டி கட்டிவிட ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கனவான் மேல் எரிச்சல்தான் வந்தது. ஆனால் வாய் தானாகத் திறந்து நெஞ்சு குலுங்கும். 'போதும், புத்தகத்தை மூடு' என்று சொல்ல முயன்றால் இன்னும் பலமாகச் சிரிப்பு வரும். "இன்னொண்ணு படிக்கட்டுங்களா?" என்று அவள் பக்கத்தைப் புரட்டுவாள்.

அப்போதுதான் தா.பழூரில் செல்வியின் அண்ணன் இறந்துபோனார். மச்சான் என்றாலும் எனக்கு அவர்தான் கூட்டாளி. காரில் கொண்டுபோய்ப் பந்தலில், மாமன் மச்சான்கள் வரிசையில், ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். துக்கத்துக்கு வந்தால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் மகன் வந்து என் இடக்கையைப் பிடித்தான். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அழத்தான் போனேன். வாய் சிரித்தது.

"மாமா, எங்கப்பா செத்துக் கெடக்காரு மாமா," என்றான் அவன்.

"சீக்காளின்னாலும் இப்படியா சிரிப்பாரு?" என்று யாரோ கேட்டார்கள். ஒப்பாரி நின்றுவிட்டது. அண்ணனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்த செல்வி என் வாயைத் துண்டால் பொத்தினாள். துண்டுக்குள்ளும் சிரித்துக்கொண்டிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் நரம்பியல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இது அவர் சிரிக்கிற சிரிப்பு இல்லம்மா. மூளையில அடிபட்ட எடம் மொகத்தை அதுபாட்டுக்கு இழுக்குது. சில பேருக்கு அழுகை வரும், இவருக்குச் சிரிப்பு. மாத்திரையில கொறையும்," என்றார். நோயாளியின் முகத்தை வைத்து மனதைக் கணக்குப் போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் செல்வி மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் படிச்சப்பல்லாம் சிரிச்சது நீங்க இல்லியா?"

ஒருநாள் மட்டும் நான்தான் சிரித்தேன். பணியாள் பேசும் இடத்தை அவள் தன் அண்ணன் குரலில், அவரைப் போலவே இழுத்து இழுத்து வாசித்தாள். அந்தச் சிரிப்பு முழுக்க என்னுடையது. அதைச் சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாத்திரையில் இப்போது சிரிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. அவள் புத்தகத்தைத் தொடுவதில்லை. நிமிஷம் தவறாமல் பஸ்ஸை அனுப்பி வைத்தவனுக்கு ஒரு சொல் வாய்க்கு வர அரைநாள் ஆகிறது. வருவதற்குள் கேட்டவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருக்கின்றன. இடக்கை விரலால் இதை போனில் தட்டி முடித்ததும் முதலில் செல்வியிடம்தான் நீட்டுவேன். அவள் படிக்கும்போது என் முகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.