ஒரே பழத்துக்கு நாலு பேரு

யமுனாவின் கையெழுத்து அச்சில் வார்த்தது போலிருக்கும். சித்தூருக்கு வெளியே இருந்த மாங்கூழ் தொழிற்சாலையின் வாசலில் பதினோரு வருஷம் அந்தக் கையெழுத்துதான் வேலை பார்த்தது. தோட்டத்திலிருந்து லாரியோடு வரும் சீட்டைப் பார்த்து, சோதனைக்கூடத்துக்கு, கூழ் காய்ச்சுமிடத்துக்கு, ஏற்றுமதிக்கு என்று ஒரே விவரத்தை ஏழு தாளில் எழுதுவாள். நகரி விசைத்தறிக் குடும்பத்துப் பெண், படிப்பு பத்தாவதுதான். ஆனால் தெலுங்கோ தமிழோ, எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுவாள்.

கூழ் அடைத்த எந்த டிரம்மில் எந்தத் தோட்டத்துப் பழம் என்று வெளிநாட்டு வியாபாரிகள் கேட்க ஆரம்பித்த 2005இல், பெங்களூரிலிருந்து சந்திரன் என்ற இன்ஜினியர் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். சீட்டு விவரத்தை ஒருமுறை தட்டினால் ஏழு தாளும் தானே அச்சாகி வரும்.

"இனிமே எழுதறதுக்கு ஆள் வேணாம்மா" என்றார் மேனேஜர் புருஷோத்தமன். யமுனா, சீசன் முடிந்ததும் ரேணிகுண்டா பக்கம் வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் பழம் வந்து குவிந்தது. முதல் நாளே பதினெட்டு லாரி வாசலில் நின்றுவிட்டது. சீட்டிலிருந்த பெயர்களைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. வெயிலில் பழம் கனிந்துகொண்டிருக்க, டிரைவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இதுல கலெக்டர்னு போட்டிருக்கு. கலெக்டர் எதுக்கு நமக்குப் பழம் அனுப்புறாரு?" என்றார் சந்திரன்.

யமுனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது பழத்தோட பேரு சார். நாங்க கிளிமூக்குன்னுவோம், பலமனேர் பக்கம் பெங்களூரான்னு எழுதுவாங்க. உங்க மிஷின்ல தோத்தாபுரின்னு கீதே, அதான் இது. நாலும் ஒண்ணுதான்."

"இந்த மாதிரி இன்னும் எவ்ளோ இருக்கு?"

"நான் சொல்லிக்கினே போறேன். நீங்க தட்டுங்க."

பழத்தின் பெயர்கள், ஒரே ஊரை ஐந்து விதமாக எழுதும் வழக்கம், தெலுங்குக்காரர் தம் பெயருக்கு முன்னால் போடும் வீட்டுப் பெயர் என்று எதையும் பார்க்காமல் சொன்னாள். இருநூற்றுப் பதினாலு வரி ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் கடைசி லாரியும் உள்ளே போய்விட்டது. மறுவாரமே கம்ப்யூட்டர் அறையை அவள் பொறுப்பில் விட்டார் புருஷோத்தமன்.

செப்டம்பரில் ஹாலந்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் கிடங்கில் ஒரு டிரம்மைத் தொட்டுக் காட்டினார். யமுனா எண்ணைத் தட்டினாள். சின்னப்பன் தோட்டம், ஜூன் பதினாலு, காலை லாரி. நம்பாமல் அவர் யமுனாவையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே ஜீப்பை விடச் சொன்னார். கூலி வேலை செய்து சேர்த்து இரண்டு ஏக்கர் வாங்கியிருந்த சின்னப்பன், டிரங்குப் பெட்டியிலிருந்து அன்றைய சீட்டின் தன் பிரதியை எடுத்து வந்தார். தேதி முதல் லாரி எண் வரை எல்லாம் பொருந்தியது. வெள்ளைக்காரர் யமுனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சின்னப்பன் அவளைத் தனியாக அழைத்து, "அப்போ எம் பேரு அவுங்க ஊருக்குப் போவுதாம்மா?" என்று கேட்டார்.

"போவுதுண்ணா. உங்க பழம் போற ஒவ்வொரு டிரம்மோடவும் போவுது" என்றாள் யமுனா. சொல்லும்போதே அவள் முதுகு நிமிர்ந்தது.