பாம்பன் பாலத்தில் பிரேக் சோதனை

2009 ஜூன் 14, ஞாயிறு, காலை 6.10. மழையில்லை, தென்மேற்குக் காற்று கடுமை.

கொடைக்கானலுக்குச் சைக்கிளை வேனில் ஏற்றிப்போய், மலையிலிருந்து சைக்கிளிலேயே இறங்க என் மகள் திட்டமிட்டிருந்தாள். பிரேக் பிடிக்குமா என்ற பயத்தில் நான் நான்கு நாட்களாகத் தூங்கவில்லை. எங்கள் பக்கம் இறக்கம் என்றால் பாம்பன் பாலம் ஒன்றுதான். குட்டியானைச் சரக்கு வண்டியில் சைக்கிளைப் பாலத்து உச்சிக்கு ஏற்றி, மண்டபம் பக்கம் இறங்கிக் காட்டச் சொன்னேன். எதிர்க்காற்றில் பாதி இறக்கத்திலேயே சைக்கிள் நின்றுவிட்டது.

"அய்யா, நான் பிரேக்கைத் தொடவே இல்ல. காத்துதான் நிப்பாட்டிருச்சு!" என்று சிரித்தாள்.

"கொடைக்கானலுக்கும் இந்தக் காத்து கூட வருமா தாயி?" என்றேன்.

திரும்பும் வழியில் சைக்கிள் கடைக்காரரை எழுப்பி, நான்கு பிரேக் கட்டைகளையும் மாற்றினேன். அவற்றையும் சோதிக்க இடமில்லை. வண்டி வாடகையோடு நானூற்று அறுபது ரூபாய்.