அவள் வராத வெள்ளிக்கிழமை

இரண்டாவது குழந்தை பிறந்து ஒன்பதாவது மாதம் ஓடத் தொடங்கினேன். காரணம் உடல்நலம் அல்ல. என் கொழுந்தனின் மனைவி ஸ்டெல்லா. இரட்டைப் பிள்ளைகள் பெற்றவள், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து மைதானத்தைத் தினமும் ஐந்து முறை சுற்றி ஓடுவாள். என் டைரியில் அவளுடைய சுற்றுகளையும் குறித்துவந்தேன். பதினொரு நாட்களில் நான் இரண்டைத் தாண்டவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. லெந்து வெள்ளிகளில் எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் மதியம்வரை உபவாசம். ஸ்டெல்லா ஓட வரவில்லை. முந்திவிட இதுதான் சமயம் என்று, விடிந்ததும் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றில் ஓடினேன். நான்காவது சுற்றில் கண் இருட்டியது. விழுந்தேன்; தலை பட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கருங்கல் படி.

யாரோ சொல்லி ஸ்டெல்லாதான் ஓடிவந்து தூக்கினாள்.

“ஏக்கா, புள்ளைக்குப் பாலும் குடுத்துக்கிட்டு உபவாசத்தோட யாராவது ஓடுவாவளா? அதுக்குத்தான நான் லெந்து வெள்ளிக்கிழமை வாரதில்ல. மொத மூணு மாசம் வெறும் நடைதான் நடந்தேன், தெரியுமா?”

அவள் நடந்த நாட்கள் என் டைரியில் இல்லை.

இப்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடக்கிறேன். இடையிடையே ஒரு நிமிடம் ஓடுகிறேன். பால் நிறுத்தும்வரை உபவாசமும் இல்லை. ஸ்டெல்லா ஆறு சுற்றுக்குப் போய்விட்டாள். வயிறு எரியத்தான் செய்கிறது; ஆனால் அதன் பேச்சைக் கேட்டு ஓடுவதில்லை.