மடியில் கிடந்த வயலின்

பஸ் டிரைவருக்கும் அவருடைய ஐந்து வயது மகளுக்கும் நேரமே ஒத்துவராது. அவர் முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் பள்ளி விட்டு வரும்போது அவர் மறு ஷிஃப்டில் இருப்பார். வாரத்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது சனிக்கிழமை பதினோரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் மட்டும். அதுவும் வயலின் வகுப்பின் தயவில். பிள்ளையோடு வீட்டிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். மனைவிக்குத் துணிக்கடையில் அன்றைக்குத்தான் கூட்டம் அள்ளும். ஆகவே ஹாரனைத் தவிர வேறு வாத்தியம் அறியாத மனிதர் வந்து உட்கார்ந்தார்.

நூலகத்து மாடி அறை. குழந்தைகள் உட்காரும் நாற்காலி என்பதால் முட்டி மார்பைத் தொடும். தரையில் காகிதத்தில் வெட்டி ஒட்டிய பாதங்கள். அவற்றின் மேல்தான் பன்னிரண்டு பிள்ளைகளும் நிற்க வேண்டும். ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல நீந்தும். அவருக்குக் கண் சொருகிவிடும். அவருடைய அரைத் தூக்கத்தில் பிள்ளைகள் தண்ணீருக்கடியில் வரிசையாக நின்று ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். "டிரைவர் அண்ணா, ஸ்டாப் வந்துடுச்சு" என்று பக்கத்துத் தாய்மார்கள் இடிப்பார்கள்.

முதல் இரண்டு மாதம் அட்டைப் பெட்டி வயலின்தான். பெட்டியில் அளவுகோலைச் சொருகி, தந்திகளைப் பேனாவால் வரைந்தது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டு குச்சியை இழுப்பாள். யாருக்கும் கேட்காத பாட்டு அவளுக்குக் கேட்கும். பிறகு நிஜ வயலின் வந்தது. ஒரே இழுப்பு. வாலை மிதித்த பூனைபோல் அது கத்தியது. "இது என் பாட்டு இல்ல" என்று மடியில் கிடத்தியவள் மூன்று வாரமாகியும் எடுக்கவில்லை.

இந்த இடத்துக்கு வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அடுத்த சனிக்கிழமையும் பார்ப்போம் என்று டீச்சர் பதமாகத்தான் சொன்னார். மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஒரு மணி நேரம் யாரோ பயணியைப்போல் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. மற்ற பதினொரு பேர் காகிதப் பாதங்களில் நிற்க, அவள் மட்டும் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து வயலினை மடியில் கிடத்திக்கொண்டாள். அவருக்கு அன்று தூக்கமே வரவில்லை. டீச்சர் தலையசைத்ததும் பதினொரு வில்லும் ஒரே தந்தியில் இழுபட்டன.

அவள் சட்டென்று கையை உதறினாள்.

"அப்பா, நான் இழுக்கல."

"என்னடா கண்ணு?"

"தானா பாடுது."

அவர் குனிந்து விரலை வைத்தார். மரத்துக்குள் தேனீ புகுந்ததுபோல் தந்தி மெல்ல நடுங்கியது. அவருக்கு இது தெரிந்த சங்கதிதான். நாற்பது வேகம் வந்தால் அவருடைய பஸ்ஸில் ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும் முனகும். இன்ஜின் கூப்பிட்டால் அது பதில் சொல்லும் என்றார்.

"அப்ப இவங்க இதைக் கூப்புடறாங்களா?"

"அப்படித்தான் இருக்கணும்."

அதற்குள் மற்றவர்கள் வாசித்து நிறுத்தியிருந்தார்கள். அவள் எழுந்து, வயலினைத் தோளில் ஏற்றி, அதே தந்தியில் வில்லை இழுத்தாள். பூனை கத்தத்தான் செய்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்துப் பெண்ணிடம் ஓடினாள்.

"உன்னுதுல வந்துச்சா?"

அந்தப் பெண் தன் வயலினில் காதை வைத்தாள். "இன்னொரு தடவை பண்ணு."

பண்ணினாள். அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை. வரிசை குலைந்தது, காகிதப் பாதங்கள் காலியாகக் கிடந்தன. டீச்சர் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான்காவது பிள்ளையிடம் போனபோது அந்த இழுப்பில் கத்தல் கொஞ்சம் குறைந்திருந்தது, அல்லது டிரைவருக்கு அப்படித் தோன்றியது.

"அடுத்த வாரம் வருவீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

மகளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இன்னும் ஏழு பேர் பாக்கி.

"வருவோம்" என்றார் அவர்.