ஒரு தண்ணீர் மேசை, இரண்டு பேட்ச்

தண்ணீர் மேசை எங்கள் பால்வாடிக்கு வந்த அன்று நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆண்டிமடத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. உதவியாளர் வளர்மதி அட்டைப்பெட்டியைப் பிரித்து, நாலு காலையும் மாட்டி, மேசையை வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தாள். பதினெட்டுப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் தொடவில்லை. டீச்சர் வந்த பிறகுதான் தொடணும் என்று வளர்மதி சொல்லிவைத்திருந்தாள்.

நான் அங்கன்வாடிப் பணியாளராக இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் வரதராஜன்பேட்டைப் பக்கம். வேலை பார்த்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது எங்கள் கட்டடம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் வந்தார்கள். வளர்மதிக்கு வீடு காலனியில். முப்பது வயது இருக்கும். சமையல், கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அவள் வேலை. அவளுடைய நாலு வயது மகள் தர்ஷினியும் எங்களிடம்தான் இருந்தாள்.

இப்போது சில சென்டர்களுக்கு, பிள்ளைகள் தண்ணீர் மொண்டு ஊற்றி விளையாட இந்த மாதிரி மேசை வருகிறது. எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது என்று புதிதாகச் சேர்ந்த பெண்கள் போன் பண்ணிக் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். போனில் சொல்ல வாய் வராத மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எதை வாங்குவது

மேசை ஒரு கம்பெனி கொடுத்த அன்பளிப்பு. எது வேண்டும் என்று கேட்டு சூப்பர்வைசர் மேடம் மூன்று படம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒன்றில் குடையும் கோபுரமும் இருந்தன. பார்க்க அழகு, ஆனால் பிள்ளைகள் அதைப் பிடித்துத் தொங்குவார்கள், மேசை கவிழும். இன்னொன்றில் குட்டி மீன், குட்டித் தவளை, கொக்கி என்று இருபது சாமான். ரெண்டு வயசுப் பிள்ளை அதை வாயில்தான் போடும். மூன்றாவது சாதாரண மேசை. இரண்டு தொட்டி, நடுவில் ஒரு சக்கரம், அவ்வளவுதான். ஒரு தொட்டியில் மொண்டு சக்கரத்தின் மேல் ஊற்றினால் சக்கரம் சுற்றி, தண்ணீர் அடுத்த தொட்டிக்குப் போகும். அதைக் கேட்டேன். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் திருகு மூடி போட்ட ஓட்டை இருந்ததுதான் முதல் காரணம். அது இல்லாவிட்டால் தினமும் தண்ணீரோடு மேசையைச் சாய்க்கவேண்டும், நாலே நாளில் யாருக்கும் அலுத்துவிடும். உயரத்தையும் பார்த்தேன். விளிம்பு பிள்ளையின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கவேண்டும். அதற்கும் கீழே என்றால் தலை குப்புற விழும். மேலே என்றால் எக்கும்.

தண்ணீர் நாலு விரல் ஆழம் போதும். அந்த நாலு விரல் தண்ணீருக்கும் ஒரு பெரிய ஆள் பக்கத்திலேயே நிற்கவேண்டும், போன் வந்தாலும் நகரக்கூடாது. நிழலில் வைக்கவேண்டும். எங்கள் பக்கத்து வெயிலுக்குப் பிளாஸ்டிக் விளிம்பு சுடும், புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை விடுவோம். வேலை முடிந்ததும் மூடியைத் திறந்துவிட்டு, துணியால் துடைத்து, கவிழ்த்து வைக்கவேண்டும். ராத்திரி தண்ணீர் நின்றால் கொசு முட்டை வைத்துவிடும். தேங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் அதில் பாசி ஒட்டிக்கொள்ளும். நம்மூர்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், பத்து நாளில் வெள்ளை படியும். புளியைக் கரைத்துத் தடவி ஊறவிட்டால் போகும். இது வளர்மதி கண்டுபிடித்தது.

தனியாகப் பேச வந்தவர்

தினமும் காலையில் வளர்மதி பின்பக்கக் குழாயிலிருந்து ஐந்து குடம் கொண்டுவந்து ஊற்றுவாள். கரண்டி, தயிர் டப்பா, புனல், டீ வடிகட்டி கொடுப்போம். ஊர்த்தெருப் பையன் கவின் எந்த விளையாட்டிலும் சேராமல் ஓரமாக உட்கார்ந்திருப்பான். மேசை வந்த இரண்டாம் நாள் அவன் சக்கரத்துக்கு மேலே தண்ணீர் ஊற்ற, தர்ஷினி கீழே டப்பாவைப் பிடித்தாள். டப்பா நிறைந்ததும் அவள் ஊற்ற, அவன் பிடித்தான். மூன்று வாரமும் அவர்களுக்கு அதே வேலைதான். சூப்பர்வைசர் மேடம் வந்தபோது அந்த இரண்டு பேரையும்தான் போட்டோ எடுத்துப் போனார்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஊர்த்தெருவிலிருந்து நாலைந்து அம்மாக்கள் வந்தார்கள். தண்ணீரில் எல்லாரும் கையை விடுகிறார்கள், சளி பிடிக்கிறது என்றார்கள். கை கழுவிவிட்டுத்தான் விடுகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். கவினுடைய அம்மா கலைச்செல்வி மட்டும் போகாமல் நின்றார். வளர்மதி உள்ளே சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நாங்க ஒண்ணும் பேதம் பாக்குறவங்க இல்ல. வூட்டுல பெரியவங்க கேக்குறாங்க. ரெண்டு தொட்டி இருக்குல்ல, ஆளுக்கு ஒண்ணா பிரிச்சு விட்டுருங்க” என்றார்.

அதை மட்டும் செய்யமாட்டேன் என்றேன். அப்படியென்றால் தெருப் பிள்ளைகள் ஏழு பேரும் நாளையிலிருந்து வரமாட்டார்கள், டவுன் ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவோம் என்றார். எண்ணிக்கை குறைந்த சென்டரைப் பக்கத்து ஊர் சென்டரோடு சேர்த்துவிடுவார்கள் என்று அப்போது ஆபீசில் பேச்சு இருந்தது. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. அந்தக் கடைசிக் காலத்தில் வேறு ஊருக்குப் போய் அல்லாடவேண்டுமா என்று நினைத்தேன். நினைத்த நேரம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. ரெண்டு பேட்ச்சாக விடுகிறேன் என்று சொன்னேன்.

மறுநாளிலிருந்து பத்து மணிக்கு ஊர்த்தெருப் பிள்ளைகள், பதினொன்றுக்குக் காலனிப் பிள்ளைகள். நோட்டில் பெரிய பிள்ளைகள் பேட்ச், சின்னப் பிள்ளைகள் பேட்ச் என்று எழுதினேன். யாராவது வயதைச் சரிபார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். யாரும் பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தொட்டியைப் பிரிக்காமல் சமாளித்துவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வளர்மதி கேட்டது

நாலு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வளர்மதி தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவங்க புள்ளைங்க வெளையாண்ட அழுக்குத் தண்ணியில எங்க புள்ளைங்க வெளையாடலாம். எங்க புள்ளைங்க கைய வச்ச தண்ணியில அவங்க வெளையாடக்கூடாது. அதானே டீச்சர்?”

நடுவில் தண்ணீரை மாற்றிவிடலாம் என்றேன். அவள் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

“மாத்துனா நான்தான் தூக்கியாரணும். பத்து மணிக்கு ஊத்துற தண்ணியும் நான் தூக்குனதுதான். அது மட்டும் எப்படி ஆவுது?”

இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் சேர்ந்ததும் எல்லாரையும் ஒன்றாக விட்டுவிடலாம் என்று சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். வளர்மதி மேசையை நிரப்பி, காலனிப் பிள்ளைகளை முதலில் கூட்டிப்போய் விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தடுக்கவில்லை. ஒருவிதத்தில், அவளே செய்யட்டும் என்று இருந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த நேரத்தில் கலைச்செல்வி கவினைக் கொண்டுவந்து விட வந்தார். அவன் அம்மா கையை உதறிக்கொண்டு ஓடி, தர்ஷினிக்கு எதிரே தன் பழைய இடத்தில் நின்று இரண்டு கையையும் தண்ணீரில் விட்டான். அவர் வேகமாக வந்து அவன் கையில் ஒரு அடி வைத்தார். குழாயடிக்கு இழுத்துப்போய், அங்கிருந்த சோப்பை எடுத்து இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினார். அவன் அழுதான். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதுவும் விளையாட்டில் ஒரு பகுதி என்று தர்ஷினி நினைத்திருக்கவேண்டும். மெதுவாகக் குழாயடிக்குப் போய், கவினுக்குப் பக்கத்தில் நின்று, தன் இரண்டு கையையும் சோப்புக்காக நீட்டினாள்.

கலைச்செல்வி குழாயை மூடினார். கவினைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.

வளர்மதி மேசைக்குக் கீழே குனிந்து இரண்டு மூடியையும் திருகித் திறந்துவிட்டாள். தண்ணீர் முழுவதும் மண்ணில் ஓடியது. அதன் பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு, அடுப்பில் இருந்த சாதத்தைப் பார்க்க உள்ளே போனாள். அன்றைக்கும் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு தயாராக இருந்தது.

நான் எழுதிக் கொடுத்தது

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் மேடம் வந்தார். ஊர்த்தெருவிலிருந்து புகார் போயிருந்தது. உதவியாளர் பெற்றோரை மதிப்பதில்லை, பிள்ளைகள் விளையாடும்போதே தண்ணீரைத் திறந்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். நடந்ததை முழுவதும் மேடத்திடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுப் புகார்க் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இதை இப்படியே எழுதினா கேஸாயிடும் டீச்சர். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவும். உங்க பேட்ச் கதையும் வெளிய வரும். அந்தப் பொண்ணு சொல்லாம செஞ்சது உண்மைதானே, அதை மட்டும் எழுதிக் கொடுங்க” என்றார்.

எழுதினேன். ‘திங்கட்கிழமை காலை உதவியாளர் என்னிடம் அனுமதி பெறாமல் விளையாட்டு நேரத்தை மாற்றினார். பின்னர் என்னிடம் தெரிவிக்காமல் மேசையிலிருந்த தண்ணீரை வெளியேற்றினார்.’ இரண்டே வரி. கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரத்தில் வளர்மதிக்கு மாற்றுப் பணி உத்தரவு வந்தது. ஜெயங்கொண்டம் தாண்டி ஒரு சென்டர், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். தர்ஷினியைக் காலை ஏழு மணிக்கே எழுப்பிக் கூடவே கூட்டிப்போனாள். உத்தரவு வந்த அன்று அடுப்படிச் சாவியை என் மேசை மேல் வைத்துவிட்டு, போயிட்டு வரேன் டீச்சர் என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் மேசையை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினேன்.

ஜூன் மாதம் ஊர்த்தெருப் பிள்ளைகள் ஏழு பேரில் ஐந்து பேர் டவுன் பள்ளிக்கூட வேனில் போனார்கள், கவினும் அதில் ஒருவன். யாரைப் போகவிடக்கூடாது என்று அவ்வளவும் செய்தேனோ, அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். சென்டரை யாரும் மூடவும் இல்லை. மீதி இருந்த பிள்ளைகளுக்காவது மேசையை வெளியே எடுத்திருக்கலாம். மேலே சத்துமாவு மூட்டைகளை அடுக்கியிருந்தோம், எடுக்கக் கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓய்வு பெறும்போது பொருட்களை ஒப்படைக்கக் கணக்கெடுத்தபோது பார்த்தால், பாரம் தாங்காமல் தொட்டி நடுவில் வளைந்து, ஒரு கால் விரிசல் விட்டிருந்தது. பழுது என்று பதிவேட்டில் எழுதினார்கள். அதற்குப் பிறகு ஆபீசுக்கு ஒரு கையெழுத்துக்காகப் போனேன். கவினும் தர்ஷினியும் டப்பாவோடு சிரிக்கும் போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

அன்றைக்கே பஸ் ஏறி ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து வளர்மதி வேலை பார்க்கும் ஊருக்குப் போனேன். முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த சென்டர். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ போட்டுக் கொடுத்தாள். என் சுகர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தர்ஷினி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள் என்றாள். அந்தக் கடிதத்தில் முழுவதையும் எழுதாமல் விட்டது என் தப்புதான், என்னை மன்னிச்சுக்கோ வளர்மதி என்றேன். அவள் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“அந்த லெட்டரை எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க டீச்சர். பொய்னு இருந்தா சண்ட போட்டுருப்பேன். அதுல ஒரு வார்த்தகூடப் பொய் இல்ல” என்றாள்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பஸ் நேரத்தைச் சொல்லி, நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டுப் போனாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. மறுபடி போய்க் கேட்கவும் தைரியம் வரவில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். மேசையை வெளியே வைக்கும் முதல் நாளே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு யாராவது, டீச்சர் உங்களிடம் தனியாகப் பேசணும் என்று வந்தால், அடுப்படியில் இருக்கும் உங்கள் உதவியாளரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இப்போது சொல்லுங்கள் என்று கேளுங்கள். அன்றைக்குக் கலைச்செல்வி பேசியபோது வளர்மதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் ரெண்டு பேட்ச் என்று சொல்லியிருக்க முடியாது. பருப்பு அடிப்பிடிக்கும் என்றுதான் நான் கூப்பிடாமல் விட்டேன்.