ஈசான மூலையில் ஆக்காட்டி

சுன்னாகத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பியாட்றிஸ் ஐசாக்குக்கு வேலை. வருகிறவர்களைச் சுவரில் தொங்கும் எழுத்துகளுக்கு எதிரே இருத்தி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெரியுதோ? இப்ப?" என்று கேட்பாள். ஐம்பதைத் தொட்ட பிறகும் அந்தக் கேள்வி அவளுக்குச் சலிக்கவில்லை. சனந்தான் சலித்துவிட்டது. எத்தனை நல்ல கண்ணாடி போட்டுவிட்டாலும் இவர்களுக்கு எழுத்துத் தெரியுமே தவிர முன்னால் கிடப்பது தெரியாது என்பாள்.

கரவெட்டியில், ஊரார் வேதக்காரர் என்கிற ஒரு மெதடிஸ்ற் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். தகப்பன் வேதாகமத்தை மட்டும் படித்தார். மகள் அதையும் படித்தாள், அகப்பட்ட மற்ற எல்லாவற்றையும் படித்தாள். கடைசியில் ஞாயிறு ஆராதனைக்குப் போக அவளிடம் ஒரு காரணமும் மிஞ்சவில்லை. கலியாணப் பேச்சு வந்தபோது, சீதனத்தொகையைச் சொன்ன மாப்பிள்ளையின் தாயிடம், "ஆளிலை என்ன பழுது, விலை போட்டு விக்கிறியள்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. அவளும் கவலைப்படவில்லை.

காலையில் கரவெட்டியிலிருந்து சுன்னாகத்துக்குப் போகிற பாதை வல்லைவெளியைக் கடக்கும். இரண்டு பக்கமும் உப்புப் பூத்த தரை, அதற்கப்பால் கடல்நீரேரி. பஸ்ஸில் எல்லோரும் தூங்குகிற இடம் அது. ஒருமுறை கடைக்குத் திருத்தக் கொடுத்த தொலைநோக்கியை எடுக்க வராமலே ஆள் வெளிநாடு போய்விட, முதலாளி அதை அவளிடம் கொடுத்தார். அன்று தொடக்கம் பியாட்றிஸ் பஸ்ஸின் வலப்பக்கச் சீற்றை விட்டுக்கொடுத்ததில்லை. உப்புத்தரை என்று எல்லோரும் குப்பை கொட்டிய இடத்தில், புரொயிலர் கோழியின் இறகுக்கும் குடலுக்கும் நடுவில், எத்தனை சாதி உயிர் நிற்கிறது என்று கண்டாள். மெல்லிய சிவந்த கால்களோடு நெடுங்கால் உள்ளான். மீனுக்குச் செங்குத்தாய் விழுகிற ஆலா. ஆள் கிட்டப்போனால் ஊரையே எழுப்புகிற ஆக்காட்டி.

கண்டதை வைத்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெரியாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் விருப்பமானவர்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்குப் போகத் தொடங்கினாள். தோட்டக்காரர், தையற்காரிகள், ரியூற்றரிப் பிள்ளைகள் என்று வருவார்கள். ஒருநாளும் தவறாமல் வந்தவள் புத்தூர் உதயகலா. வெங்காயத் தோட்டம் செய்கிறவள், வாய்க்காரி. குருவி பறந்துபோன பிறகு அதன் பெயரைச் சொல்லுகிறவர்கள் மத்தியில், குரலைக் கேட்டே சொல்லுவாள்.

இப்படி நடந்த ஒன்றைப் பெரியமனிதர்கள் சும்மா விடுவார்களா? சோமசேகரம் மாஸ்டர் இளைப்பாறிய அதிபர், ஊரில் எந்தக் கூட்டத்துக்கும் தலைவர். அவர் ஒரு இயற்கை ஒன்றியத்தைத் தொடங்கினார். கனடாவிலிருந்து வந்திருந்த றொபின் என்ற கனவான் பிரதம விருந்தினர் ஆக ஒப்புக்கொண்டார். வாசிகசாலையில் கூட்டம் போட்டுப் பியாட்றிஸையும் கூப்பிட்டார்கள்.

"பறவைப் பெருவிழா எண்டு பேர்," என்றார் மாஸ்டர். "வல்லைவெளியிலை பந்தல் போட்டுச் செய்யிறம். ஆனியிலை நல்ல நாள் ஒண்டு ஐயர் பாத்துத் தந்திட்டார்."

"மாஸ்டர், ஆனியிலை குருவியள் முட்டையிலை இருக்கும். வெறுந்தரையிலை இடுற சாதியள். ஆவணிக்குத் தள்ளி வையுங்கோ."

"ஆவணியிலை திருவிழா நேரம், சனம் வராது. றொபினும் திரும்பிப் போடுவார்."

"அப்ப ஆடி முடிவிலை."

கூட்டம் சிரித்தது. மாஸ்டர் சிரிக்காமல், சின்னப்பிள்ளைக்கு விளக்குவதுபோல் சொன்னார்: "ஆடியிலை ஆர் பிள்ளை நல்ல காரியம் தொடங்கிறது? உங்கடை வேதக்காரருக்கு உது விளங்காது."

"குருவிக்கும் விளங்காது மாஸ்டர். அதுகள் ஆடியிலையும் குஞ்சு வளக்குதுகள், ஒண்டும் குறைஞ்சு போகேல்லை."

"ஆருக்குப் பெருவிழா, குருவிக்கோ ஐயருக்கோ?" என்று உதயகலா பின்வரிசை வாங்கிலிலிருந்து கேட்டாள். அதைக் கேளாததுபோல் மாஸ்டர் தண்ணீர் குடித்தார்.

"சரி, நாளை விடுங்கோ," என்றாள் பியாட்றிஸ். "இடத்தையாவது மாத்துங்கோ. அந்த வடகிழக்குத் துண்டு முழுக்க முட்டை. பந்தலைத் தெற்காலை இறக்கிப் போட்டால் போதும்."

"ஏலாது. பந்தலுக்கு முதல் நடுற கன்னிக்கால் ஈசான மூலையிலைதான் நடவேணும்."

"பந்தலைத் தெற்காலை கொண்டுபோனால் ஈசான மூலையும் அதோடை தெற்காலை வருமே, மாஸ்டர்!"

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். முப்பது வருடம் கேத்திரகணிதம் படிப்பித்த மனிதர் அவர். "ஐயர் அளந்து குறி வைச்சிட்டார்," என்றார். கூட்டத்துக்கு அழைத்திருந்த பாதிரியாராவது வாய் திறப்பார் என்று பியாட்றிஸ் திரும்பிப் பார்த்தாள். தொடக்கச் செபத்துக்கு எத்தனை நிமிடம் என்று அவர் கேட்டார்.

பியாட்றிஸ் வனசீவராசிகள் அதிகாரி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, நடக்கப்போவதைச் சொன்னாள். அவர் ஜீப்பில் வந்தார், மாஸ்டர் வீட்டில் பற்றிசும் தேநீரும் எடுத்தார், விழாவில் முன்வரிசைக் கதிரை ஒன்றை ஏற்றுக்கொண்டு போனார். அவர் போனதும் யார் அறிவித்தது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பஸ்ஸில் ஏறினால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "ஆக்காட்டி வாறா, தள்ளி இருங்கோ."

ஆள் வருவதைக் காட்டிக் கத்துவதால் அந்தக் குருவிக்கு அந்தப் பெயர். ஆனால் சாக்கு முகமூடிக்குள்ளிருந்து தலையாட்டி ஆமிக்கு ஆட்களைக் காட்டிக்கொடுத்த யுத்தகாலத்தைக் கண்ட ஊரில், ஒரு மனுசியைப் பார்த்து அப்படிச் சொல்வது குருவியின் பெயரைச் சொல்வதல்ல. அந்தக் காலத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள்தான் இப்போது துணிவாகச் சொன்னார்கள். பியாட்றிஸுக்குக் கோபம் வரவில்லை. அழுகிய மீன்பெட்டியை விட்டு விலகுவதுபோல் விலகி, வலப்பக்கச் சீற்றில் போய் இருந்தாள்.

விழாவுக்கு முந்திய கிழமை பஸ்ஸிலிருந்து பார்த்தாள். பெக்கோ இயந்திரம் தரையை மட்டம் தட்டிக்கொண்டிருந்தது. மேலே ஆலாக்கள் கூட்டமாய்ச் சுற்றிச் சுற்றிக் கத்தின. பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினாள்.

பந்தற்காரன் றமேஸ் கெட்டவன் இல்லை. "முட்டையோ? எங்கையக்கா? மண்ணெல்லோ கிடக்கு," என்றான் உண்மையாகவே. மண்ணின் நிறத்தில் மண்ணின் புள்ளியோடு இருப்பதுதான் அந்த முட்டைகளின் பாதுகாப்பு. நாய்க்கும் காகத்துக்கும் எதிராய் உதவிய நிறம் பெக்கோவுக்கு முன்னால் உதவவில்லை. மட்டம் தட்டிய இடத்தில் கோதும் மஞ்சளும் உப்போடு பிசைந்து கிடந்தன. அவள் அதில் ஒரு பிடியை அள்ளி அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இப்ப தெரியுதோ?"

றமேஸ் முகத்தைத் திருப்பினான். "எனக்குச் சொன்னதைச் செய்யிறன் அக்கா."

மிஞ்சியது ஒரேயொரு கூடு. கூடு என்றால் தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிவர நாலு கூழாங்கல், உள்ளே கூர்முனைகள் நடுவில் சேர நாலு ஆக்காட்டி முட்டை. ஈசான மூலையில் நட்ட கன்னிக்காலுக்குச் சற்றே அப்பால், வாகனங்கள் நிறுத்த ஒதுக்கிய துண்டின் கரையில் அது தப்பிக் கிடந்தது.

விழா நாளில் அந்த ஒரு கூட்டுக்காகத்தான் போனாள். தவில், நாதசுவரம், நாலு பக்கமும் ஒலிபெருக்கி, விருந்தினர் வரவுக்குச் சீனவெடி. நீரேரியில் நின்ற கடைசிக் கொக்கும் வெடியோடு எழும்பிப் போய்விட்டது. பறவைப் பெருவிழாவில் பறவை இல்லை என்று யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் பறவை பெட்டியில் இருந்தது. யாரையோ கொண்டு கண்ணிவைத்துப் பிடிப்பித்த தினைக்குருவிகள், மட்டைப்பெட்டிக்குள், காலை தொடக்கம் வெயிலில். விருந்தினர் றொபின் பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் உயர்த்தினார். ஒன்றும் பறக்கவில்லை. பெட்டியைக் குலுக்கினார். இரண்டு மூன்று தத்தித் தத்திப் பந்தல் தகரத்தில் மோதின. ஒன்று அவர் சப்பாத்தில் விழுந்து அப்படியே கிடந்தது.

"களைச்சுப் போட்டுதுகள் போலை," என்றார் அவர்.

"கைதட்டுங்கோ, கைதட்டுங்கோ," என்றார் மாஸ்டர் ஒலிவாங்கியில். சனம் கைதட்டியது.

அடுத்தது கௌரவிப்பு. அழைப்பிதழ் முதலே அச்சாகிவிட்டபடியால் பட்டியலில் பியாட்றிஸின் பெயரும் இருந்தது. கூப்பிட, மேடைக்குப் போனாள். சரிகைக் கரை வைத்த சிவப்புப் பொன்னாடையை மாஸ்டர் அவள் தோளில் போட்டார். அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நீங்கள் இருக்கிற கதிரையளுக்குக் கீழை இருந்த முட்டையளைப் போன கிழமை நசிச்சுப் போட்டுத்தான் இந்த விழா நடக்குது. பெட்டிக்கை செத்துக் கிடக்கிறதையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ..."

ஒலிவாங்கி செத்தது. றமேஸின் கை சுவிச்சில் இருந்தது. ஒரு தலையும் திரும்பவில்லை; பக்கத்தில் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையின் உயரத்திலிருந்து அவள் மட்டும் அதைக் கண்டாள்: பிந்தி வந்த ஒரு வெள்ளை வான், இடம் தேடி, பின்பக்கமாக அந்தக் கூட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆக்காட்டி அதன் கூரைக்கு மேலே பறந்து பறந்து கத்தியது.

பொன்னாடையோடே ஓடினாள். பந்தலுக்கு மிஞ்சிக் கிடந்த கம்பில் மூன்றை எடுத்துக் கூட்டைச் சுற்றிக் குத்தினாள். குருவி நடந்து போய்வர அடியில் இடம்விட்டு, பொன்னாடையை அவற்றில் சுற்றிக் கட்டினாள்.

"சீலையை எடுங்கோ அம்மா. இடமில்லை," என்று சாரதி கத்தினான்.

"முட்டை கிடக்கு!"

"முட்டைக்கோ மனுசர் தள்ளி விடுறது? விசர்க்கதை." வானின் சில்லு இன்னும் அரைச்சுற்றுப் பின்னால் வந்தது.

அப்போதுதான் உதயகலா பந்தலுக்குள்ளிருந்து வந்தாள். மங்கல விளக்கடியிலிருந்த கற்பூரத்தட்டு கையில். மூன்று கம்புக்கும் முன்னால் அதை வைத்து, கொளுத்தி, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள்.

"என்னடி செய்யிறாய்?" என்றாள் பியாட்றிஸ்.

"பேசாமல் நில்லுங்கோ அக்கா," என்றாள் அவள் கண் திறவாமல்.

சாரதி பிறேக்கை மிதித்தான். மூன்று கம்பு, சிவப்புப் பட்டு, நெருப்பு. அவன் கண்ணுக்கு அது சூலம். இறங்கிச் செருப்பைக் கழற்றினான். "வைரவரோ? முதலே சொல்லியிருக்கலாமே," என்று விழுந்து கும்பிட்டுவிட்டு, வானைத் தூரக் கொண்டுபோய் விட்டான். அதற்குப் பிறகு வந்தவர்களும் அந்த இடத்தைச் சுற்றியே போனார்கள்.

எல்லோரும் போனபின் பியாட்றிஸ் சொன்னாள்: "இவ்வளவு காலமும் படிப்பிச்சதை ஒரு கட்டிக் கற்பூரத்திலை கொளுத்திப்போட்டாய்."

"நீங்கள் மைக்கிலை சொன்னியள். ஆர் கேட்டது? எனக்கும் தெரியும் அது முட்டை எண்டு. முட்டை வேணுமோ, உங்கடை நியாயம் வேணுமோ?"

முட்டைதான் வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. அந்தத் துணியைப் பிடுங்கி எறிய ஒவ்வொரு காலையும் கை துடித்தது. பஸ் கடக்கும்போது பார்ப்பாள்: முதலில் செவ்வரத்தம் பூ, பிறகு எலுமிச்சம்பழம், பிறகு வடைமாலை. வடைக்குக் காகம் வந்தது. காகம் முட்டைக்கும் வருமே என்று உதயகலா போய் வடையை எடுத்துத் தின்றுவிட்டு வந்தாள். "பிரசாதம்," என்று சொல்லி வாயைத் துடைத்தாள். பியாட்றிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

குஞ்சுகள் பொரித்தன. பஞ்சில் கால் முளைத்ததுபோல் நாலும், தாயின் குரலுக்குப் பின்னால் நீரேரிக் கரைக்கு ஓடியதைத் தொலைநோக்கியில் கண்டாள். பஸ்ஸில் இருந்தபடியே கண்ணைத் துடைத்தாள். கடைசி ஞாயிறன்று உதயகலாவையும் கூட்டிக்கொண்டு கம்புகளைப் பிடுங்கப் போனாள்.

றமேஸ் அங்கே மண்ணும் சீமெந்தும் இறக்கிக்கொண்டிருந்தான். மாஸ்டர் குடை பிடித்து நின்றார். வைரவருக்கு ஒரு கொட்டகை, செலவு றொபினுடையது.

பியாட்றிஸ் கம்பில் கை வைத்ததும், "வேதக்காரி சூலத்தைத் தொடாதை!" என்று ஒருவன் பாய்ந்தான். உதயகலா குறுக்கே போய் நின்று துணியை அவிழ்த்தாள்.

"நான் சைவக்காரிதானே? கேளுங்கோ. இது பந்தல் கம்பு. இது பியாட்றிஸ் அக்காவின்ரை பொன்னாடை. கற்பூரம் கொளுத்தினது நான், வான் ஏறாமல் இருக்க. கீழை வைரவர் இல்லை. ஆக்காட்டி முட்டைக் கோது. குனிஞ்சு பாருங்கோ!"

யாரும் குனியவில்லை. மாஸ்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"பிள்ளை, உனக்குத் தெரியாமலே வைரவர்தான் உன்னைக்கொண்டு கொளுத்துவிச்சிருக்கிறார்," என்றார். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உதயகலா அவிழ்த்த துணியைச் சுருட்டிப் பியாட்றிஸின் கையில் கொடுத்தாள். கோதுகளின்மேல் சீமெந்து விழுந்தது. கன்னிக்கால் நட்ட ஈசான மூலையில் இப்போது கொட்டகை நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு, அழுகிய பழம், படையலுக்குக் கூடிய நாய்கள். இந்த வருடம் அந்தத் துண்டில் ஒரு குருவியும் இறங்கவில்லை. நீரேரிக்கு அப்பால், பாதை இல்லாத பக்கத்தில் ஆலாக்கள் முட்டையிட்டிருக்கின்றன. அந்த இடத்தை அவர்கள் இருவரும் யாருக்கும் சொல்வதில்லை.

கடைசி ஞாயிற்று நடை நின்றுவிடவில்லை. முதலில் மூன்று பேர் வந்தார்கள்; இப்போது கொஞ்சம் கூட. பியாட்றிஸ் அவர்களை நேரே கொட்டகைக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துகிறாள். வந்தவர்களின் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்கின்றன. உதயகலா அவளைப் பார்க்கிறாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்து நிற்கிறாள்.

"கும்பிட்டு முடிஞ்சுதோ?" என்கிறாள் பிறகு. "இனிக் கேளுங்கோ, இதுக்குக் கீழை என்ன கிடந்ததெண்டு."